டொங்காட்டில் இரண்டு நாற்காலிக் கிளினிக்குக்கு எந்த ஆட்டோகிளேவ்?

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, டொங்காட்டில், ஓர் இளம் தம்பதி பல் கிளினிக் திறக்கிறார்கள். இருவருமே பல் மருத்துவர்கள். நாற்காலியும் கம்ப்ரஸரும் முடிவாகிவிட்டன. கருவிகளைக் கிருமி நீக்கும் இயந்திரத்தில்தான் வீட்டுக்குள் நான்கு கட்சி. குடும்ப நண்பரான ஒரு மூத்த பல் மருத்துவர் ஓய்வு பெறுகிறார். பம்ப் இல்லாத தன் பழைய N வகை ஆட்டோகிளேவைச் சும்மா தருவதாகச் சொல்லியிருக்கிறார். கணவருக்கு, பத்து நிமிடத்தில் வேலை முடிக்கும் கேசட் இயந்திரத்தின் மேல் கண். மனைவிக்கு, பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சும் B வகை வேண்டும். அவருடைய அப்பாவோ, “தனியார் ஆஸ்பத்திரி ஸ்டெரிலைசேஷன் பிரிவுக்கு அனுப்பிடுங்க, தலைவலியே இல்ல” என்கிறார். இந்த இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு என்பதால், “அங்கிள், நீங்களே சொல்லுங்க” என்று என்னிடம் வந்தார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

விலைப் பட்டியலில் இருந்தும் போட்டிக்கே வராத சிலவற்றை முதலில் தள்ளிவிடலாம். 2 சதவீத குளுட்டரால்டிஹைடில் 20 நிமிடம் ஊறவைப்பது உயர்நிலைக் கிருமி குறைப்பு மட்டுமே; ஸ்போர்களும், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் கிருமிகளும், சாக வேண்டுமானால் 10 மணி நேரம் ஊற வேண்டும். அதன் ஆவி உதவியாளரின் மூச்சுக்குழலைப் பதம் பார்க்கும். பாக்கெட்டுக்குள் கருவியை வைத்துச் செய்யவும் முடியாது. உலர்சூட்டு அடுப்புக்கு 160 டிகிரியில் 2 மணி நேரம் அல்லது 170 டிகிரியில் 1 மணி நேரம் வேண்டும். பல் சீரமைக்கும் ஆர்த்தோ குறடுகள் துருப்பிடிக்காது என்பது அதன் ஒரே நல்ல குணம், பல்லைக் கடையும் ஹேண்ட்பீஸை வைத்தால் அதோடு போயிற்று. நீல விளக்கு எரியும் யூவி பெட்டி, கிருமி நீக்கிய கருவியை வைத்திருக்கும் அலமாரி மட்டுமே. அதைக் கிருமி நீக்கி என்று விற்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

மிச்சம் இருப்பது நீராவி.

காற்றுதான் எதிரி

134 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம், அல்லது 121 டிகிரியில் 15 நிமிடம். இந்த எண்கள் எல்லா இயந்திரத்துக்கும் ஒன்றுதான். பழைய N வகையும் 134 டிகிரியைத் தொடும், புதிய B வகையும் தொடும். பிறகு விலையில் ஏன் இத்தனை வித்தியாசம்? அந்த வெப்பநிலை கருவியின் எந்த மூலை வரை போகிறது என்பதற்குத்தான் அந்தப் பணம்.

நீராவி கொல்வது சூட்டால் மட்டுமல்ல. அது உலோகத்தின் மேல் பட்டு மறுபடி தண்ணீராகும்போது, தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை அங்கே கொட்டுகிறது. நடுவே காற்று இருந்தால் நீராவி உலோகத்தைத் தொடாது, தொடாவிட்டால் கொட்டாது. N வகையில் நீராவி மேலிருந்து நிரம்ப, கனமான காற்று கீழ்த்துளை வழியாகத் தானாக வெளியேற வேண்டும். பிரஷர் குக்கரில் வெயிட் போடுமுன் ஆவி பீறிட்டு வர விடுகிறோமே, அதே தத்துவம். வாய்க்கண்ணாடி, புரோப், பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸ் போன்ற திடமான கருவிகளை மூடாமல் தட்டில் பரப்பி வைத்தால் அது போதும். N என்ற எழுத்தே naked, அதாவது மூடாதது, என்பதற்குத்தான். கருவியை மூடி வைக்கும் காகிதப் பவுச்சுக்குள் இருக்கும் காற்றுக்கு வெளியேற வழி சரியாகக் கிடைக்காது. ஹேண்ட்பீஸின் உள்ளே ஓடும் மெல்லிய காற்றுக் குழாயும் தண்ணீர்க் குழாயும் இன்னும் மோசம். உள்ளே சிக்கிய காற்று அங்கேயே நிற்கும், வெளியே திரை மட்டும் 134 என்று காட்டும்.

B வகையில் பம்ப் ஒன்று அறையின் காற்றை உறிஞ்சும், நீராவி புகும், மறுபடி உறிஞ்சும். பெரும்பாலும் மூன்று முறை. அதற்குப் பிறகுதான் 134 டிகிரியின் கடிகாரம் ஓடத் தொடங்கும். முடிந்ததும் மறுபடி உறிஞ்சி ஈரத்தைக் காயவைக்கும். இந்தக் கடைசி வேலையைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஈரமாக வெளியே வரும் பவுச்சின் காகிதம், மேசையின் கிருமியைத் திரிபோல உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படி வந்த பவுச் கிருமி நீக்கப்பட்டதாகக் கணக்கில் வராது. N வகையில் பவுச் போட்டு, கதவை லேசாகத் திறந்து வைத்து ஆறவிடும் கிளினிக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது பழக்கம். எனக்கு அது பார்க்கப் பிடிக்காத காட்சி.

S வகை இரண்டுக்கும் நடுவே. எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்திருப்பார். அந்தப் பட்டியலுக்குள் மட்டும் நம்பலாம். கணவர் ஆசைப்பட்ட கேசட் இயந்திரங்கள், கனடாவின் ஸ்டாட்டிம் உட்பட, இந்த வகையில்தான் வரும். கருவிகளை வைத்துச் செருகும் கேசட் பெட்டிதான் அதன் அறை; சிறியது என்பதால் சீக்கிரம் சூடாகும். மூடாத கருவிகள் பத்து நிமிடத்துக்குள் தயார். ஹேண்ட்பீஸ்களுக்கும் பல மாடல்கள் அனுமதி பெற்றவை. குறை என்னவென்றால் கேசட் சின்னது. இரண்டு நாற்காலியும் ஓடும் நாளில் உதவியாளர் நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். பவுச்சோடு போட்டால் காய்வதற்குத் தனியாக நேரம் பிடிக்கும், விளம்பரத்தில் வரும் அந்தப் பத்து நிமிடத்தில் அது இல்லை. ஒற்றை நாற்காலி கிளினிக்காக இருந்தால் நான் கேசட்டை எதிர்த்திருக்க மாட்டேன்.

இன்னொன்று. கவுட்டெங் மாகாணத்து உறவினர் யாராவது பழைய அழுத்தப் பானை வகை இயந்திரம் தந்தால் யோசியுங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே முள் காட்டும் அதே 15 பவுண்டு அழுத்தத்தில் உள்ளே 121 டிகிரி வராது, மூன்று டிகிரி அளவுக்குக் குறையும். டர்பன் கரையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கே திருத்தி அமைத்த இயந்திரத்தை இங்கே கொண்டுவந்தால் மறுபடி அளவு பார்க்காமல் ஓட்டக் கூடாது.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால்?

அப்பாவின் யோசனையை நான் உடனே தள்ளவில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்டெரிலைசேஷன் பிரிவு எந்தச் சின்னக் கிளினிக்கையும்விடத் திறமையானது. இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை செட் போன்றவற்றுக்கு நல்ல வழி. ஆனால் தினசரி வேலைக்கு, காலையில் போனது அன்றே திரும்பாது. அப்படியானால் ஒவ்வொரு கருவியும் மூன்று செட் வேண்டும்: ஒன்று வாயில், ஒன்று வழியில், ஒன்று அலமாரியில். ஹேண்ட்பீஸை அப்படி மூன்று மடங்கு வாங்கும் பணத்தில் நல்ல B வகையே வந்துவிடும். போகும்போது ரத்தம் காயாமல் ஈரமாக, மூடி போட்ட கெட்டிப் பெட்டியில் போக வேண்டும். டொங்காட்டில் இருந்து நகரம் போய் வரும் சாலையில் ஒரு விபத்து, ஒரு மறியல் என்றால் மறுநாள் நோயாளிகளைத் தள்ளிப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்காக மாற்றும் யோசனையும் வந்தது. உமிழ்நீர் உறிஞ்சும் குழாய், காற்று-தண்ணீர் சிரிஞ்சின் முனை, பல் வேரைச் சுத்தம் செய்யும் எண்டோ ஃபைல் ஆகியவை அப்படியே இருக்கட்டும். ஃபோர்செப்ஸ் அப்படி வருவதில்லை.

தண்ணீரும் கரண்டும்

இங்கேதான் கடைக்காரர்களின் ஒப்பீட்டு அட்டவணைகள் நம் ஊருக்கு உதவாமல் போகின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டொங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, குழாயில் மாதக்கணக்கில் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்ற ஊர் இது. அப்போதுதான் வீட்டுக்கு வீடு ஜோஜோ என்னும் பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் வந்தது. ஆகவே இங்கே கிளினிக் வைப்பவர், “ஒரு சுற்றுக்கு எத்தனை லிட்டர்?” என்று விற்பவரைக் கேட்கத்தான் வேண்டும்.

B வகைகளுக்குள்ளேயே இதில் பெரிய பிரிவு உண்டு. சில இயந்திரங்களின் பம்ப் தண்ணீரைச் சுழற்றி உறிஞ்சும் வகை. குழாய் இணைப்பிலேயே நிற்கும், சுற்றுக்குச் சுற்று லிட்டர் லிட்டராகச் சாக்கடைக்குள் விடும். மற்றவற்றில் சவ்வுப் பம்ப். அதற்குத் தண்ணீர் வேண்டாம், நீராவிக்கு மட்டும் ஒரு லிட்டருக்கும் குறைவு போதும். டொங்காட்டுக்கு இரண்டாவதுதான். இதில் பேரமே கிடையாது. விலையில் தள்ளுபடி கொடுத்தாலும் முதலாவதை வாங்காதீர்கள்.

நீராவிக்கு ஊற்றும் தண்ணீர் வடித்ததாகவோ உப்பு நீக்கியதாகவோ இருக்க வேண்டும். சிறிய ஆட்டோகிளேவ்களுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 13060 மின்கடத்தலை 15 மைக்ரோசீமன்ஸுக்குள் வைக்கச் சொல்கிறது. ஜோஜோ தண்ணீரையோ போர்வெல் தண்ணீரையோ நேரடியாக ஊற்றினால் சில மாதங்களில் அறைச் சுவரில் வெள்ளைப் படிவும், கருவிகளில் வானவில் கறையும் வரும். அடுத்து சொலினாய்டு வால்வு அடைக்கும், என்னைக் கூப்பிடுவீர்கள். மேசைமேல் வைக்கும் வடிகலன் 4 லிட்டர் வடிக்க ஐந்தாறு மணி நேரம் எடுக்கும், கிட்டத்தட்ட நான்கு யூனிட் கரண்ட் குடிக்கும். ஆர்ஓ இயந்திரம் கரண்ட் குறைவாகக் குடிக்கும், ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குப் பல லிட்டரைக் கழிவாகத் தள்ளும். தண்ணீர் கஷ்டமா, கரண்ட் கஷ்டமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். டொங்காட்டுக்கு நான் சொன்னது வடிகலன், இரவில் ஓட்டச் சொல்லி. அதே தண்ணீரை நாற்காலியின் பாட்டிலிலும் ஊற்றலாம். டேங்க் தண்ணீர் நாற்காலிக் குழாய்களுக்குள் தேங்கி வழவழப்புப் படலம் கட்டுவதற்கு அது ஓரளவு மாற்று. மில்லிலிட்டருக்கு 500 நுண்ணுயிர்க் குடியிருப்புகளுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் வரம்பு. பாட்டில் வைத்ததாலேயே அந்த வரம்புக்குள் வந்துவிடாது, குழாய்க்கும் அவ்வப்போது மருந்து விட வேண்டும்.

கரண்ட் விஷயம் இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023இல் நாட்டையே ஆட்டிய லோட்ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஆனால் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் ஓயவில்லை. 18 லிட்டர் அறையுள்ள B இயந்திரம் 2 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். 5 கேவிஏ இன்வெர்ட்டர் அதைத் தாங்கும், அதே நேரம் கம்ப்ரஸரும் கிளம்பினால் திணறும். நடுவில் கரண்ட் போனால் இயந்திரம் சுற்றைக் கைவிட்டுக் கதவைப் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது ஈரப் பவுச், கிருமி நீக்கம் ஆகாதது. அதைப் பிரித்து, புதுப் பவுச் போட்டு, முதலிலிருந்து. N வகையில் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இல்லை. யாராவது மறந்து கதவைத் திறந்து எடுத்துப் பயன்படுத்திவிடலாம். கரண்ட் திரும்பி வரும்போது குதிக்கும் மின்னழுத்தம்தான் சர்க்யூட் போர்டுகளைக் கொல்கிறது. நான் மாற்றிய போர்டுகளில் பாதிக்கு மேல் அந்த நிமிடத்தில் எரிந்தவை என்பது என் கணிப்பு. சர்ஜ் பாதுகாப்பு இல்லாமல் எந்த வகையையும் வாங்காதீர்கள்.

ஹேண்ட்பீஸ் கணக்கு

ஒரே பட்ஜெட்டில் பெரிய இயந்திரமா, கூடுதல் ஹேண்ட்பீஸா என்று கேட்டால் என் பதில் எப்போதும் இரண்டாவதுதான். காற்றுச்சுழலி ஹேண்ட்பீஸ் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும். நிற்கும் கணத்தில் முனையில் இருக்கும் எச்சிலையும் ரத்தத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ள முடியும். மேலே துடைத்தால் உள்ளே போனது வராது. ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாகக் கிருமி நீக்கிய ஹேண்ட்பீஸ் வேண்டும் என்பதில் 2003ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி முதல் எல்லோரும் ஒரே பேச்சு.

கணக்கு எளிது. ஒரு நோயாளிக்கு அரை மணி என்று வையுங்கள். கழுவி, எண்ணெய் விட்டு, பவுச் போட்டு, B இயந்திரத்தில் காய்ந்து வெளியே வந்து ஆறும்வரை ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. தட்டு நிறையக் காத்திருந்தால் இரண்டு மணி. ஒன்றரை மணியையே கணக்கில் வைத்தாலும் ஒரு நாற்காலிக்கு நான்கு சுற்றில் இருக்க வேண்டும், ஒன்று பழுதுக்குப் போகும். ஆக ஐந்து. இரண்டு நாற்காலிக்குப் பத்து. “பத்தா?” என்று கணவர் சிரித்தார். நாற்காலியோடு வந்தது இரண்டே இரண்டு. அந்த இரண்டை வைத்துக்கொண்டு உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டோகிளேவை வாங்கினாலும், பதினொரு மணிக்கு நான்காவது நோயாளி வரும்போது உதவியாளர் ஸ்பிரிட் பஞ்சை எடுப்பார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை: ஆட்டோகிளேவுக்கு முன்னால் விடும் எண்ணெய் அதிகமானால் அறைக்குள் வழிந்து பம்பின் வடிகட்டியை நாசமாக்கும். விட்டபின் சில விநாடி ஓட்டி, மிச்சத்தை வெளியேற்றிவிட்டுப் பவுச் போடுங்கள்.

கழுவும் மேசை

அழுக்கோடு உள்ளே போவது அழுக்கோடுதான் வெளியே வரும், சுட்ட அழுக்காக. கழுவ மூன்று வழி. கையால் தேய்ப்பது மலிவு. ஆனால் இந்தத் தொட்டியில் ஊசி, கூர்முனைக் காயம் எளிதாகப் பட்டுவிடும். கெட்டியான வீட்டுவேலைக் கையுறை போட்டு, தண்ணீருக்குள் அமிழ்த்தித் தேய்க்க வேண்டும். தண்ணீர் 45 டிகிரியைத் தாண்டினால் ரத்தப் புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அல்ட்ராசோனிக் தொட்டி மடிப்புகளுக்குள் இருப்பதையும் எடுக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கலங்கினால் அதற்கு முன்பே, கரைசலை மாற்ற வேண்டும். அலுமினியத் தாள் ஒரு துண்டை உள்ளே விட்டுப் பார்த்தால் சீராகத் துளை விழுகிறதா என்று தெரியும். மூன்றாவது வாஷர் டிசின்ஃபெக்டர். கழுவி, 90 டிகிரியில் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ வைத்துத் தரும், கை படாது. இங்கிலாந்தின் பல் கிளினிக்குகளுக்கான எச்டிஎம் 01-05 வழிகாட்டி இதைத்தான் சிறந்த முறை என்கிறது. நானும் வேறு ஊராக இருந்தால் அதைத்தான் சொல்வேன். கட்டத்துக்குக் கட்டம் புதுத் தண்ணீர் கேட்கும் அந்த இயந்திரத்தை, டேங்கை அளந்து திறக்கும் ஊரில் வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. அல்ட்ராசோனிக்கும் நல்ல வெளிச்சமும், பூதக்கண்ணாடி விளக்கு ஒன்றும் போதும்.

நோயாளிகள் இங்கே கேட்பது எச்ஐவி பற்றித்தான். நியாயமான பயம். ஆனால் கருவி விஷயத்தில் எச்ஐவி பலவீனமான வைரஸ். காய்ந்த பரப்பில் ஏழு நாள்கூட உயிர்ப்போடு இருக்கக்கூடிய ஹெபடைட்டிஸ் B தான் கெட்டி. தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி 1995இல்தான் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த உதவியாளர் போட்டிருக்கிறாரா என்று கேட்டுத்தான் வேலைக்கு வையுங்கள். குத்திக்கொண்டால் எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றே, தொடங்க வேண்டும். எங்கே போவது, யாரை அழைப்பது என்பதைத் தொட்டிக்கு மேலேயே ஒட்டி வையுங்கள்.

என் முடிவு

சவ்வுப் பம்ப் வைத்த 18 லிட்டர் B வகை ஒன்று. பெரிய 23 லிட்டர் வேண்டாம். அது நிறையும்வரை காத்திருப்பதில் ஹேண்ட்பீஸ் சுற்று நீளும். மிச்சப் பணம் ஹேண்ட்பீஸுக்கு. மூத்த டாக்டரின் N இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: B பழுதான நாளில் கண்ணாடி, புரோப், ஃபோர்செப்ஸ் ஆகியவற்றை மூடாமல் போட்டு, எடுத்த உடனே பயன்படுத்த. அன்று ஹேண்ட்பீஸ் வேலை எதுவும் பதிவு செய்யக் கூடாது; அலமாரியில் பவுச்சோடு எத்தனை ஹேண்ட்பீஸ் இருக்கிறதோ அத்தனை நோயாளி. ஆனால் முதலில் அதன் அழுத்தச் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். காகிதம் இல்லாத அழுத்தப் பாத்திரத்தை அறைக்குள் வைப்பது, இலவசமாக வந்தாலும், தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தின் முன்னால் உங்கள் தலைவலிதான்.

இயந்திரம் வந்தபின் அதைச் சோதிக்கும் வேலைதான் இழுத்துக்கொண்டு போகும். B வகையில் காலையில் ஹெலிக்ஸ் சோதனை: ஒன்றரை மீட்டர் நீள மெல்லிய குழாயின் கோடியில் நிறம் மாறும் பட்டை, நீராவி அங்கே வரை போனதா என்று காட்டும். வாரத்துக்கு ஒருமுறை காற்றுக் கசிவுச் சோதனை. அதே வாரம் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் ஸ்போர் வைத்த குப்பி. அது செத்தால்தான் மற்றதும் செத்தது. பவுச்சின் மேல் கறுக்கும் கோடு, அந்தப் பவுச் சூட்டைக் கண்டது என்று மட்டும் சொல்லும். 2013இல் அமெரிக்காவின் டல்சா நகரில் ஒரு பல் அறுவைக் கிளினிக்கிலிருந்து சுமார் 7,000 நோயாளிகளைப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு ஹெபடைட்டிஸ் C தொற்றியது அங்கே உறுதியானது. அந்தக் கிளினிக்கில் ஆட்டோகிளேவ் இருந்தது. ஆறு வருடமாக அதற்கு ஸ்போர் சோதனை செய்த பதிவுதான் இல்லை.

விற்பவரிடம் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது: கதவின் ரப்பர் கேஸ்கெட்டும் பாக்டீரியா வடிகட்டியும் டர்பனில் கையிருப்பில் உண்டா, இல்லை ஐரோப்பாவில் இருந்து வர வேண்டுமா? வர வேண்டும் என்றால் இயந்திரத்தோடு சேர்த்தே இரண்டிரண்டு வாங்கி அலமாரியில் போடுங்கள். ஸ்போர் குப்பி தேறாத நாளில், பெரும்பாலும் நான் மாற்றுவது அந்தக் கேஸ்கெட்டைத்தான்.